பாதுகாப்பு என்றால் பேரம் பேசாதீர்கள்: வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தொழில் மற்றும் பாதுகாப்புப் பணியகம், அமெரிக்க வணிகத் துறை, வாஷிங்டன்.
ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவு, சீன வணிக அமைச்சகம், பெய்ஜிங்.

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

உங்கள் இரண்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். 2025இல் நீங்கள் இருவரும் செய்த வேலை ஒன்றுதான். எந்தப் பொருள் நாட்டை விட்டு வெளியே போகலாம், யாருக்குப் போகலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று பட்டியல் எழுதினீர்கள். பிறகு அதில் பாதியை நிறுத்தி வைத்தீர்கள். அந்த நிறுத்தம் 2026 நவம்பர் 10ஆம் தேதி முடிகிறது. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

நான் ஓசூர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் மோட்டார்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் அறிவிப்புகளைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. படிக்காவிட்டால் அடுத்த மாதத்துக்கு எதை ஆர்டர் போடுவது, எதற்கு மாற்று தேடுவது என்று தெரியாது. அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

போட்டியே கூடாது என்று கேட்க வரவில்லை. உலகத்தின் மிகப் பெரிய இரண்டு பொருளாதாரங்கள் போட்டி போடத்தான் செய்யும். சில பொருள்களை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்பதும் எனக்குச் சம்மதமே. ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவிக்கும், அணு உலை சார்ந்த பொருளுக்கும், போர் விமான இன்ஜினுக்கும் கட்டுப்பாடு இருக்கட்டும். என் குறை ஒன்றே ஒன்று. பாதுகாப்புக்காக என்று சொல்லிப் போட்ட கட்டுப்பாட்டை, பிறகு பேரத்துக்கு எடுத்து வைக்கிறீர்கள். பாதுகாப்பு என்றால் அதை விற்காதீர்கள். விற்கக்கூடியது என்றால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

முதலில் வாஷிங்டனுக்கு.

2025 மே மாதக் கடைசியில் சிப் வடிவமைக்கும் மென்பொருளைச் சீனாவுக்கு விற்க வேண்டாம் என்று சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் நிறுவனங்களுக்குச் சொன்னீர்கள். அதே சமயத்தில் ஈத்தேன் வாயுவை அங்கே அனுப்பவும் உரிமம் வேண்டும் என்றீர்கள். ஈத்தேன் என்பது பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீன் செய்ய உதவும் வாயு. அது ராணுவப் பயன்பாட்டுக்குப் போகும் ஆபத்து உண்டு என்பதுதான் ஏற்றுமதி நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். ஜூன் மாதக் கடைசியில் இன்னொரு கடிதம் வந்தது. கப்பலில் ஏற்றலாம், சீனத் துறைமுகம் வரை போகலாம், ஆனால் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. ஜூலை தொடங்கியதும் இரண்டு கட்டுப்பாடுகளும் போய்விட்டன. அந்த ஒரு மாத இடைவெளியில் ஈத்தேனின் வேதியியலில் எந்த மாற்றமும் இல்லை. லண்டனில் நடந்த பேச்சில், சீனா கொடுக்கும் அரிய மண் காந்தங்கள் (அரிய மண் எனப்படும் தனிமங்கள் சேர்ந்த காந்தங்கள்) பற்றி ஓர் உடன்பாடு வந்தது, அவ்வளவுதான் மாறியது.

செயற்கை நுண்ணறிவு சிப் செய்யும் உங்கள் நாட்டு நிறுவனமான என்விடியாவின் எச்20 சிப் கதை இன்னும் தெளிவானது. 2022 அக்டோபர் 7ஆம் தேதி நீங்கள் கொண்டுவந்த விதிகளாலும், அதை இறுக்கிய 2023 அக்டோபர் விதிகளாலும் வேகமான சிப்கள் சீனாவுக்குப் போக முடியாமல் ஆயின. அந்த வரம்புக்குள் அடங்கும்படி வேண்டுமென்றே வலிமை குறைத்துச் செய்ததுதான் எச்20. 2025 ஏப்ரலில் அதற்கும் உரிமம் வேண்டும் என்றீர்கள். 550 கோடி டாலர் வரை இழப்பு வரலாம் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. ஜூலையில் விற்பனைக்கு வழி திறந்தது. ஆகஸ்டில், விற்பனை வருமானத்தில் 15 சதவீதத்தை அரசுக்குக் கொடுத்தால் போகலாம் என்று ஆனது. டிசம்பரில், அதைவிடப் பல மடங்கு திறன் கொண்ட எச்200 சிப்பையே 25 சதவீதப் பங்குக்கு அனுமதிக்கப் போவதாக அதிபர் டிரம்ப் அறிவித்தார்.

உங்கள் அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு ஏற்றுமதிக்கு வரி போடக் கூடாது என்கிறது. 2018ஆம் ஆண்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சீர்திருத்தச் சட்டம், உரிம விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. இந்த விதிகளை எழுதியவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. அனுமதிக்கு விலை வைத்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் ஆபத்து என்று எச்சரிக்கும்போது எதிரில் இருப்பவர் விலை என்ன என்றுதான் கேட்பார். ஒரு சிப் ஆபத்தானது என்றால் 15 சதவீதம் கொடுத்தாலும் அது ஆபத்தானதுதான். ஆபத்து இல்லை என்றால் ஏப்ரலில் ஏன் தடுத்தீர்கள்?

இனி பெய்ஜிங்குக்கு.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்கா வரிகளை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 4ஆம் தேதி, சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய 7 அரிய மண் தனிமங்களையும் அவை சேர்ந்த காந்தங்களையும் உரிமப் பட்டியலில் சேர்த்தீர்கள். அறிவித்த அன்றே நடைமுறைக்கு வந்தது. தேசப் பாதுகாப்பும் ஆயுதப் பரவல் தடுப்பும் காரணம், எந்த நாட்டையும் குறிவைக்கவில்லை என்றீர்கள். எந்த நாட்டையும் குறிவைக்காததால் எல்லா நாட்டையும் அது பிடித்தது. ஜெர்மனிக்காரருக்கும் உரிமம், ஜப்பான்காரருக்கும் உரிமம், எங்களுக்கும் உரிமம்.

அந்தத் தனிமங்கள் எங்கே போகின்றன என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எம்ஆர்ஐ எடுக்கும்போது உடலில் ஏற்றும் மருந்தில் கடோலினியம் இருக்கிறது. சில புற்றுநோய் சிகிச்சைகளில் லுட்டீசியத்தின் ஓர் ஐசோடோப்பு பயன்படுகிறது. மின் நிலைய டர்பைன் பிளேடுகளின் வெப்பத் தடுப்புப் பூச்சில் இட்ரியம் இருக்கிறது. எங்கள் மோட்டார் காந்தம் நியோடிமியமும் இரும்பும் போரானும் சேர்ந்தது. மோட்டார் சூடேறும்போது காந்தத்தன்மை போய்விடாமல் இருக்க அதில் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்ப்பார்கள். ஒரு ஸ்கூட்டருக்குச் சில நூறு கிராம் காந்தம் போதும், அதிலும் டிஸ்ப்ரோசியம் சில சதவீதம்தான். ஆனால் அது இல்லாமல் சித்திரை வெயிலில் மேம்பாலம் ஏறும் வண்டியின் மோட்டாரை நம்பி விற்க முடியாது.

அந்தக் காந்தத்துக்கு எங்கள் பக்கத்தில் நடந்த வேலையைச் சொல்கிறேன். இறுதிப் பயன்பாட்டாளர் சான்றிதழ் என்று ஒன்று. இந்தக் காந்தத்தை ராணுவ வேலைக்குப் பயன்படுத்த மாட்டோம், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்று நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது டெல்லியில் அரசு அலுவலகங்கள் வழியாகப் போய், உங்கள் தூதரகத்தைத் தாண்டி, சீனாவில் இருக்கும் சப்ளையர் கைக்குப் போக வேண்டும். அவர் உங்களிடம் விண்ணப்பிப்பார். சட்டப்படி 45 வேலை நாள்களுக்குள் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கம்பெனிகள் சிலவற்றுக்கு முதலில் அனுமதி வந்தது. இந்திய விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தன. காந்தம் வராவிட்டால் ஆகஸ்டில் மின்சார வண்டி உற்பத்தி பூஜ்யமாகிவிடலாம் என்று பஜாஜ் ஆட்டோ வெளிப்படையாக எச்சரித்தது. அதற்கு முன்பே ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் கார் உற்பத்தியும், அமெரிக்காவில் ஃபோர்டின் சிகாகோ ஆலையும் நின்று திரும்பின.

எங்கள் சப்ளையரிடம் போனில் கேட்டால், எனக்கே தெரியவில்லை சார், பேப்பர் உள்ளே போயிருக்கிறது என்பார். அவர் நல்ல மனிதர், பல வருடப் பழக்கம். அவருக்கும் பிழைப்பு இதுதான். இங்கே எங்களிடம் ஒரு ஷிப்ட் குறைந்தது. ஷிப்ட் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. உங்கள் நாடுகள் இரண்டுக்கும் நடுவே என்ன தகராறு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

இதில் என்னை மிகவும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. தனிக் காந்தத்துக்கு உரிமம் வேண்டும். ஆனால் அதே காந்தத்தைப் பொருத்தி முடித்த முழு மோட்டாரைச் சீனாவிலிருந்து வாங்கினால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. காந்தம் ஆபத்தான பொருள் என்றால் மோட்டாருக்குள் போனதும் ஆபத்து எங்கே போனது? பிரித்து எடுப்பது பெரிய வித்தையா என்ன? முழு மோட்டாராக வாங்கிக்கொள்ளுங்கள் என்ற யோசனை எங்களைப் போன்ற பல இடங்களில் 2025இல் பேசப்பட்டது. அப்படி வாங்கினால் ஓசூரில் நடக்கும் வேலை சீனாவின் குவாங்டோங்குக்குப் போகும். இதற்கு ஆயுதப் பரவல் தடுப்பு என்று பெயர் சொல்ல முடியாது. இது வியாபாரம்.

வாஷிங்டன் அதிகாரிகளே, இந்த ஓட்டை உங்கள் பக்கத்திலும் உண்டு. சீன நிறுவனம் சிப்பை வாங்கக் கூடாது, ஆனால் வேறொரு நாட்டு டேட்டா சென்டரில் அதே சிப்பை வாடகைக்கு எடுத்து வேலை செய்ய முடியும் என்ற நிலை நெடுநாள் இருந்தது.

அக்டோபருக்கு வருகிறேன், அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். 2025 செப்டம்பர் 29ஆம் தேதி, அமெரிக்காவின் ஏற்றுமதித் தடைப்பட்டியலில் உள்ள நிறுவனம் 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் எல்லா நிறுவனமும் தடைக்குள் வரும் என்று வாஷிங்டன் விதி போட்டது. அதுவும் அன்றே அமல். அக்டோபர் 9ஆம் தேதி பெய்ஜிங் பதில் விதி போட்டது. உலகத்தில் எங்கே செய்த பொருளானாலும், அதன் மதிப்பில் 0.1 சதவீதம் சீன அரிய மண் இருந்தால் பெய்ஜிங்கின் அனுமதி வேண்டும் என்றது. எங்கோ செய்த பொருளுக்கும் என் அனுமதி வேண்டும் என்கிற இந்த வழியை 2020இல் சீனாவின் ஹுவாவெய் நிறுவனத்தின் மீது பெரிய அளவில் எடுத்தது அமெரிக்கா. அமெரிக்கக் கருவியில் செய்த சிப் என்றால் தைவானில் செய்திருந்தாலும் எங்கள் சட்டம் செல்லும் என்றது. அப்போது அதைத் தவறு என்று கண்டித்த சீனா ஐந்து ஆண்டில் அதையே எடுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து முழுமையாக அமலானால், மூன்றாவது நாட்டில் இருக்கும் ஒரு பட்டறை இரண்டு தலைநகரங்களிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு தலைநகரின் விதிப்படி நடந்தால் இன்னொன்றின் விதியை மீறியதாக ஆகலாம்.

இது எப்படி முடியும் என்பதற்கு நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தின் கதை போதும். நெதர்லாந்தின் நைமேகனில் தலைமையகம். சில்லுத் தகடு ஹாம்பர்க்கில் தயாராகிறது. பெரும்பகுதி சீனாவின் டோங்குவானுக்குப் போய் வெட்டப்பட்டு, உறையிடப்பட்டுத் திரும்புகிறது. அங்கே செய்வது செயற்கை நுண்ணறிவு சிப்பும் இல்லை, ஏவுகணைச் சிப்பும் இல்லை. டையோடு, டிரான்சிஸ்டர். ஒன்றின் விலை சில சென்ட். காரில் ஹெட்லைட்டிலிருந்து கதவுக் கண்ணாடி வரை எல்லா இடத்திலும் இருக்கும் சாதாரணப் பொருள். அதன் உரிமையாளரான சீனாவின் விங்டெக் 2024 டிசம்பரில் அமெரிக்கத் தடைப்பட்டியலில் சேர்ந்தது. 50 சதவீத விதி வந்த மறுநாள், செப்டம்பர் 30ஆம் தேதி, டச்சு அரசு 1952ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தைக் கையில் எடுத்து நிறுவனத்தைத் தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. நிர்வாகக் குறைபாடு என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். அக்டோபர் 4ஆம் தேதி டோங்குவானிலிருந்து பொருள் வெளியே போவதைச் சீனா தடுத்தது. அந்த மாதக் கடைசியில் மெக்சிகோவின் செலாயாவில் இருக்கும் ஹோண்டா ஆலை நின்றது.

ஜப்பான் நிறுவனம், மெக்சிகோ ஆலை, ஜெர்மனியில் செய்த சிலிக்கான், டச்சு அரசு. இதில் உங்கள் இருவருக்கும் நேரடிப் பகை யாரோடு? செலாயாவில் அன்றைக்கு வேலை இல்லை என்று திரும்பிப் போன ஆள் யாருடைய பாதுகாப்புக்கு ஆபத்து?

பிறகு அக்டோபர் 30ஆம் தேதி தென் கொரியாவின் பூசானில் உங்கள் இரண்டு நாட்டுத் தலைவர்களும் சந்தித்தார்கள். 50 சதவீத விதி ஓராண்டுக்கு நிறுத்தம். 0.1 சதவீத விதி ஓராண்டுக்கு நிறுத்தம். ஒருவர் கப்பலுக்கு மற்றவர் போட்ட துறைமுகக் கட்டணம் நிறுத்தம். ஃபென்டனில் என்ற போதைப்பொருளைக் காரணம் காட்டிச் சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா போட்ட வரி 20லிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. 2025க்குள் 1.2 கோடி டன் சோயாவும், அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 2.5 கோடி டன்னும் சீனா வாங்கும் என்று அமெரிக்கா அறிவித்தது. செப்டம்பரில் ஒரு டன் அமெரிக்கச் சோயாகூட வாங்காத நாடு மீண்டும் வாங்கப் போகிறது என்பதில் அயோவா விவசாயிக்கு நிம்மதி. எனக்கும் அதில் சந்தோஷமே, விளைந்ததை விற்க முடியாத விவசாயியின் கஷ்டம் எந்த ஊரிலும் ஒன்றுதான். ஆனால் பாருங்கள், ஆயுதப் பரவல் தடுப்பும் சோயாவும் ஒரே மேஜையில் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. இனி உங்களில் யார் பாதுகாப்பு என்று சொன்னாலும் எங்களைப் போன்ற கொள்முதல்காரர்கள் அடுத்த சந்திப்பு எப்போது என்றுதான் காலண்டரைப் பார்ப்போம்.

அந்த ஒப்பந்தம் பற்றி வெள்ளை மாளிகை வெளியிட்ட குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. அரிய மண், கேலியம், ஜெர்மானியம், ஆன்டிமனி, கிராஃபைட் ஆகியவற்றுக்குச் சீனா பொது உரிமம் கொடுக்கும், அது அமெரிக்கப் பயன்பாட்டாளர்களுக்கும் உலகெங்கும் அவர்களுக்குச் சப்ளை செய்கிறவர்களுக்கும் பயன்படும் என்று. அதாவது ஓசூர்த் தொழிற்சாலை அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்பினால் அந்தக் கதவு வழியாகப் போகலாம். சேலத்தில் ஓடும் ஸ்கூட்டருக்கு என்றால் பழைய வரிசையில் நிற்க வேண்டும். சண்டை போட்டவருக்குச் சலுகை, சும்மா இருந்தவருக்கு வரிசை. இது எந்த வகை நியாயம்?

சரி, கட்டுப்பாடு போட்டதால் நினைத்தது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்க வணிகத் துறைச் செயலர் ஜீனா ரைமண்டோ சீனாவில் இருந்த நாள்களிலேயே ஹுவாவெய் தன் மேட் 60 புரோ போனை வெளியிட்டது. உள்ளே சீனாவிலேயே செய்த 7 நானோமீட்டர் சிப், அமெரிக்க விதிகள் தடுக்க நினைத்த ரகம். விதி வரப்போகிறது என்று தெரிந்தால் வாங்கிக் குவிப்பதும் நடக்கும். 2024இல், சிப் செய்யும் இயந்திரங்கள் தயாரிக்கும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் விற்ற இயந்திரங்களின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனாவுக்குப் போனது.

மறுபக்கமும் அப்படியே. 2010இல் சீனாவோடு வந்த சென்காகு தீவுத் தகராறில் ஜப்பானுக்குச் சீன அரிய மண் வருவது நின்றது. மறு ஆண்டே ஜப்பான் அரிய மண் எடுக்கும் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் பணம் போட்டது. 2025 மே மாதம் அந்த நிறுவனம் மலேசியாவில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடைப் பிரித்து எடுத்தது. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் அரிய மண் சுரங்க நிறுவனத்தில் 40 கோடி டாலர் முதலீடு செய்து, அதன் நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் அடிவிலையும் உறுதி கொடுத்தது. எங்கள் நாட்டு அமைச்சரவையும் 2025 நவம்பரில் காந்தத் தொழிலுக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு தடையும் தடுக்கப்பட்டவரை வேறு வழி தேட வைத்திருக்கிறது.

வேறு வழி தேடினால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பகுதி நல்லதுதான். ஆனால் அந்தத் தேடலின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் பாருங்கள். டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான அரிய மண் தனிமங்களில் பெரும் பகுதி மியான்மரின் காச்சின் மாநிலத்திலிருந்து சீனாவுக்குப் போகிறது. சிப்வி, பாங்வா மலைகளில் துளை போட்டு அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை மண்ணுக்குள் ஊற்றி, கீழே வழிவதைத் தொட்டிகளில் பிடிக்கிறார்கள். மலைச்சரிவு முழுக்க அந்தத் தொட்டிகள். ஓடைத் தண்ணீரைக் குடிக்க முடியாது. 2024 அக்டோபரில், மியான்மர் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் காச்சின் விடுதலைப் படை பாங்வாவைப் பிடித்தபோது அந்தச் சுரங்கப் பகுதியின் மேல் இன்னொரு போர் வந்து உட்கார்ந்தது. நீங்கள் ஜெனீவா, லண்டன், ஸ்டாக்ஹோம், மாட்ரிட், கோலாலம்பூர் என்று கூடிப் பேசிய எந்த மேஜையிலும் சிப்வி கிராமத்தார் இல்லை.

எங்கள் கரையிலும் அதன் அலை அடிக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சியில், அரிய மண் உள்ள மோனசைட் மணல் எடுக்கும் மத்திய அரசு ஆலை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் எடுக்க வந்த திட்டத்தை மீனவ மக்கள் எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிர்வீச்சுப் பயம் அவர்களுக்குப் பழைய பயம். சீனா கொடுக்காததால் நாமே தோண்டியாக வேண்டும் என்ற வாதம் இப்போது அவர்கள் முன் வைக்கப்படுகிறது. ஆனால் அந்த மணலில் இருப்பது பெரும்பாலும் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான வகை. எங்கள் மோட்டாருக்குத் தட்டுப்பாடாக இருந்த டிஸ்ப்ரோசியம் அதில் மிக மிகக் குறைவு. உங்கள் சண்டையால் கிளம்பிய அவசரத்தில் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

முறையிட ஓர் இடமாவது இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அரிய மண் விவகாரத்தில் ஒரு முறை அந்த இடம் வேலை செய்திருக்கிறது. 2012இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2014இல் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2015இல் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டை நீக்கியது. தோற்ற நாடு தீர்ப்பை மதித்தது, அதைச் சீனாவின் பெருமையாகவே நான் சொல்வேன். ஆனால் அந்த அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் அங்கே வழக்குக் கேட்க ஆள் இல்லை. பெரியவர்களுக்கு உச்சி மாநாடு இருக்கிறது. மற்றவர்களுக்கு இருந்த ஒரே படியும் அடைபட்டுவிட்டது.

அதனால் நேரடியாக உங்களிடமே கேட்கிறேன்.

ஆயுதத்துக்கு உரியதையும் பேரத்துக்கு உரியதையும் இரண்டு தனிப் பட்டியலாகப் பிரியுங்கள். முதல் பட்டியல் சிறியதாக இருக்கட்டும், காரணத்தோடு இருக்கட்டும், எந்தச் சந்திப்பிலும் விலைக்கு வராமல் இருக்கட்டும். அதில் உள்ளதை நாங்கள் கேட்கவே மாட்டோம். வர்த்தகச் சண்டைக்காகப் போடுவதை வர்த்தகச் சட்டத்தின் பெயரிலேயே போடுங்கள், வரியாகப் போடுங்கள். வரி என்றால் எவ்வளவு என்று தெரியும், விலையில் சேர்த்துக் கணக்குப் போடலாம். உரிமம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

மருத்துவம், மின்சாரம், பொதுப் போக்குவரத்து, சாதாரண வாகனம் ஆகியவற்றுக்குப் போகும் பொருளுக்கு, வாங்குகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் செல்லும் பொது உரிமம் கொடுங்கள். அமெரிக்காவுக்குச் சப்ளை செய்கிறாரா, சீனாவுக்குச் செய்கிறாரா என்பது அதில் நிபந்தனையாக வேண்டாம். நாங்கள் தவறாகப் பயன்படுத்துகிறோமா என்று பார்க்க ஆள் அனுப்புங்கள், கதவைத் திறந்து காட்டுகிறோம், இருப்புப் பதிவேட்டையும் காட்டுகிறோம். மறுத்தால் ஏன் மறுத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். புதிய விதி வந்தால், அறிவிக்கும் நாளுக்கு முன்பே கப்பலில் ஏறிவிட்ட பொருளை அது தொடக் கூடாது. அறிவித்த அன்றே அமல் என்பதை உண்மையான ஆயுத விவகாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் புதிதாக மாநாடு எதுவும் கூட்ட வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில், ரைமண்டோவின் அதே பயணத்தின்போது, ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றித் தகவல் பரிமாறிக்கொள்ள உங்கள் இரண்டு அலுவலகங்களும் ஓர் ஏற்பாடு செய்து பெய்ஜிங்கில் உட்கார்ந்து பேசினீர்கள். அந்த மேஜையை மறுபடி போடுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் நாடுகளுக்கும் அதில் நாற்காலி போடுங்கள். மெக்சிகோ வரட்டும், மலேசியா வரட்டும், நெதர்லாந்து வரட்டும், இந்தியாவும் வரட்டும்.

ஒரு நடைமுறை விஷயத்தோடு முடித்துக்கொள்கிறேன். நவம்பர் 10க்குப் பிறகு என்ன நிலைமை என்பதை நவம்பர் முதல் வாரத்தில் அறிவிக்காதீர்கள். காந்தம் ஆர்டர் போட்டு, வார்த்து, தேய்த்து, பூச்சுக் கொடுத்து, கப்பலில் வந்து, சென்னைத் துறைமுகத்தில் சுங்கம் முடிந்து எங்கள் கைக்கு வர மாதங்கள் ஆகும். நவம்பரில் ஓட வேண்டிய லைனுக்கு நாங்கள் ஜூலை, ஆகஸ்டிலேயே ஆர்டர் போட வேண்டும். நீட்டிப்பதானாலும், நிரந்தரமாக எடுப்பதானாலும், மறுபடி போடுவதானாலும் உங்கள் முடிவை ஜூலைக்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு கொள்முதல் ஊழியர்